அந்தக் கடல் உறுதிப் பத்திரத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு இதழில், இத்தாலியில் வீடு வாங்குவது பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். சிசிலியில், செஃபலூ நகரத்துக்குப் பக்கத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு கடலோர வில்லாவின் படம் அதில் பெரிதாக இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் நீலக் கடல், தூரத்தில் இரண்டு தீவு. படத்தின் வலது ஓரத்தில், திரைச்சீலைக்குக் கீழே, பாதி வெட்டுப்பட்ட ஒரு சிவப்பு வாளியும் தெரிகிறது. அந்த வாளி என்னுடையது.

பலெர்மோவில் இருந்து வியாழக்கிழமைகளில் ரயிலேறிப் போய் அந்த வீட்டைத் திறந்து, கூட்டித் துடைத்து, பூட்டி வருகிற வேலையை நான் 22 வருசமாகச் செய்கிறேன். படம் எடுக்க வந்த பொடியன் வாளியைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, என்னை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

கட்டுரையில் மூன்று பிழை இருக்கிறது. இரண்டு சட்டப் பிழை, ஒன்று சின்னப் பிழை. அவற்றைவிடப் பெரியது நீங்கள் எழுதாமல் விட்ட விசயம். அது தெரியாமல் நம்மாட்கள் ஒரு குடும்பம் அந்த வீட்டுக்குக் காசைக் கொடுத்துவிடப் பார்த்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதை எழுதப் போகிறேன் என்று வீட்டுக்காரரின் மூத்த மகளிடம் சொல்லிவிட்டேன். "முகவரியை மட்டும் போடாதே" என்றார். என் பெயரையும் போட வேண்டாம்.

செஃபலூ ஊரைப் பற்றி நீங்கள் எழுதியதில் குறை இல்லை. ஊருக்கு முதுகு கொடுத்து நிற்கிற பாறை 270 மீற்றர் உயரம். வீடுகள் எல்லாம் அதன் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும். நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜர் 1131-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் வீட்டின் மேல்மாடியில் இருந்து தெரியும். உள்ளே பொன் பின்னணியில் யேசுவின் பெரிய மொசைக் உருவம். கையில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன், இரண்டிலும் "உலகத்தின் ஒளி நானே" என்றுதான். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நான் சைவக்காரி. பலெர்மோத் தமிழர் சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி, நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுகிறவர்கள், ஆகவே எனக்கு அங்கே போய் நிற்பதில் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை. ரொஜர் தன்னை அந்தக் கோயிலில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று செந்நிறக் கல்லில் கல்லறைப் பெட்டிகள் இரண்டைச் செய்து வைத்திருந்தான். பேரன் வந்து 1215-இல் இரண்டையும் பலெர்மோவுக்குத் தூக்கிப் போய்விட்டான். கட்டினவனுக்கே அந்த ஊரில் ஓரிடம் எழுதியிருக்கவில்லை.

கல்படி இறங்கினால் பழைய சலவைத் துறை ஒன்று. சுவரில் 22 இரும்புக் குழாய், அதில் 15 சிங்கமுகம், கீழே கல்தொட்டிகள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே பெண்கள் துணி தோய்த்ததைத் தான் பார்த்ததாகச் சின்யோரா சொல்வார். "வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்" என்பார்.

சின்யோரா என்றால் இத்தாலியில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல்; நான் அப்படிச் சொல்வது வீட்டுக்கார அம்மாவை. இரண்டு வருசத்துக்கு முன் மார்கழியில் இறந்துபோனார். பிள்ளைகள் மூன்று பேர்; ஒருவரும் சிசிலியில் இல்லை. விற்கத் தீர்மானித்தார்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

1964-இல் சின்யோராவின் கணவர் கட்டிய வீடு. கீழே ஒரு தளம், மூன்று அறை, குசினி, விறாந்தை. மேலே மொட்டைமாடி. அந்த மாடியில் ஓர் அறை. நீங்கள் படம் போட்டது அந்த அறையை. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே பலெர்மோ – மெசினா ரயில் பாதை போகிறது. ரயில் கடக்கும்போது கண்ணாடி அலுமாரிக்குள் கிளாசுகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்ளும். 22 வருசத்தில் அந்தச் சத்தத்தை வைத்தே எந்த ரயில் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

வடக்குப் பார்த்த வீடு என்றால் நம்மவர்கள் சந்தோசப்படுவார்கள். சிசிலியின் வடகரையில் கடலைப் பார்க்கிற வீடெல்லாம் வடக்குப் பார்த்ததுதான். குபேரன் வந்ததை நான் காணவில்லை, பூஞ்சணம் வந்ததைக் கண்டேன். குளிர்காலத்தில் சூரியன் பின்பக்க மலைக்கு மேலேயே சுற்றிவிட்டுப் போய்விடும். கடல் பக்கத்துச் சுவரில் வெயில் படாது. மாசி மாதத்தில் அந்தச் சுவரோடு ஒட்டிக் கட்டில் போட்டால் மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளி விழும். சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள், வேறு என்னவோ விலை கூடிய பெயின்ற் அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் கட்டிலைத் தெற்குச் சுவருக்கு மாற்றினோம், பிரச்சினை முடிந்தது.

பிறகு உப்பு. கடற்காற்று மூன்று நாள் தொடர்ந்து அடித்தால் அந்தப் பெரிய கண்ணாடி பால் ஊற்றினது போல இருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைய விட வேண்டும், பிறகு வினாகிரி கலந்த தண்ணீர், கடைசியில் பழைய பத்திரிகைத் தாள். உங்கள் பத்திரிகையும் அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறது, மன்னிக்க வேண்டும். ஆபிரிக்காவில் இருந்து ஷிரொக்கோ காற்று வந்தால் கதை வேறு. சகாராவின் செம்மண் தூசி வந்து உப்போடு சேர்ந்து குழம்பாக ஒட்டும். ஒரு கண்ணாடிக்கு ஒரு வாளி தண்ணீர். யன்னல் பலகைகளின் பிணைச்சல்களை என் காலத்திலேயே மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். இரும்பு என்று ஒன்றும் அங்கே நிற்காது.

அந்த ஒரு வாளி தண்ணீருக்கும் கணக்கு உண்டு. கடலோர வில்லாக்களில் தண்ணீர்த் தாங்கியும் அதை மேலே தள்ளுகிற மோட்டாரும் இல்லாமல் இருக்க ஏலாது. 2024-இல் சிசிலியில் வறட்சிக்கு அவசரநிலை அறிவித்தார்கள் அல்லவா, அந்தக் கோடையில் பவுசர் பிடித்து வந்துதான் தாங்கியை நிரப்பினோம். முன்னால் கண்ணெட்டும் தூரம் தண்ணீர், குழாயில் காற்று.

இதெல்லாம் ஒரு வீட்டை வாங்காமல் விடக் காரணம் இல்லை. கடலோடு இருக்க ஆசைப்பட்டவன் உப்பையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும். நான் எழுத வந்தது காகிதத்தைப் பற்றி.

உங்கள் கட்டுரை வந்து இரண்டாவது வாரம், ஜெர்மனியில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வீடு பார்க்க வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டு முகவரோடு வந்தார்கள். திறப்பு என் கையில் என்பதால் நானும் நின்றேன். கதவைத் திறந்தவள் தமிழில் "வாங்கோ" என்றதும் நால்வரும் திகைத்துப் போனார்கள். பிறகு ஒரே அன்ரி, அன்ரிதான்.

முகவர் அவர்களைக் கீழே நிற்க விடவில்லை. நேரே மேல் அறைக்கு. நல்ல நாள் அது, கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மனைவி போனை எடுத்து ஜெர்மனியில் இருக்கிற தன் தாயாருக்குக் கடலைக் காட்டினாள். "அம்மா, படுக்கையில இருந்தே பாக்கலாம்" என்றாள். விலை 4 லட்சத்து 20 ஆயிரம் யூரோ. பத்து நிமிசத்தில் கணவன்காரத் தம்பி 15 ஆயிரம் குறைக்கச் சொல்ல, முகவர் யோசிப்பது போல யோசித்துவிட்டுச் சரி என்றார். சாப்பாட்டு மேசையில் நாலு பக்க விண்ணப்பத்தை விரித்தார். 20 ஆயிரம் யூரோவுக்குக் காசோலை. "இது வெறும் முன்பதிவு" என்றார்.

அது முன்பதிவு இல்லை. இத்தாலியில் அதற்குப் பெயர் கொள்முதல் முன்மொழிவு, ப்ரொபோஸ்தா. விற்பவர் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட செய்தி வாங்குபவருக்குக் கிடைத்தவுடன் அது இருவரையும் கட்டிப்போடும். கொடுத்த முற்பணம் 'கபார்ரா' என்று எழுதியிருந்தால், வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போச்சு. விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். முகவரின் தரகும் அந்த இடத்திலேயே அவருக்குச் சேர்ந்துவிடும். இதை எப்படி அறிவேன் என்றால், 2015-இல் நானும் கணவரும் பலெர்மோ பழைய நகரில், பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. எங்கள் யன்னலில் இருந்து தெரிவது எதிர்வீட்டுத் துணிக்கொடி. ஆனால் அந்த யன்னல் வரைபடத்தில் இருக்கிறது.

வீட்டுக்காரரின் சம்பளத்தில் நிற்கிறவள் வாயைத் திறக்கலாமா என்று எனக்கும் யோசனைதான். முகவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் துணையாக இருந்தது.

"தம்பி, கையெழுத்து வைக்க முதல் கீழ யன்னலடியில ஒருக்கா நிண்டு பாருங்கோ, கடல் தெரியுதோ எண்டு" என்றேன்.

போய்ப் பார்த்தார். கீழே இருந்து பார்த்தால் முன்னால் அரளிப் புதர், அதற்குப் பின்னால் ரயில் பாதையின் சுவர், மேலே மின்கம்பி.

"சத்தம் கேக்குது அன்ரி."

"கேக்கும். காண ஏலாது."

பிறகு, முகவரிடம் 'ப்ளானிமெத்ரியா' கேளுங்கள் என்றேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலப்பதிவு அலுவலகத்தில் இருக்கிற வரைபடம் அது. முகவர் கைப்பையில் தேடினார், அலுவலகத்தில் இருக்கிறது என்றார், பிறகு போனில் காட்டினார். கீழ்த்தளம் சரியாக இருந்தது: மூன்று அறை, குசினி, விறாந்தை. மேல்தளம் என்று வெறும் ஒரு பெட்டி. அதற்குள் ஒரே ஒரு சொல்: தெர்ராத்சா. மொட்டைமாடி. அறை இல்லை, கண்ணாடி இல்லை, படுக்கை போட இடமும் இல்லை. 34 சதுர மீற்றர் அறை, நீங்கள் பெரிதாகப் படம் போட்ட அறை, அரசாங்கத்தின் கணக்கில் வெறும் வானம்.

வீடு 1964-இல் கட்டியது, அதில் சிக்கல் இல்லை. 1967 செப்டெம்பர் 1-ஆம் திகதிக்கு முன் கட்டத் தொடங்கியது என்று விற்பவர் உறுதிமொழி கொடுத்தால் விற்கச் சட்டம் இடம் தருகிறது. மேல் அறை அப்படி இல்லை. மாடியில் தண்ணீர் வழிகிற பீலிக்குப் பக்கத்தில் சீமெந்தில் யாரோ குச்சியால் கீறியிருக்கிறார்கள்: ஓகஸ்ட் 1989. ஓகஸ்ட் மாதம் இத்தாலியில் நகரசபையில் ஈ, காக்கை இருக்காது. அந்த மாதத்தில் எழும்பிய அறைகள் சிசிலிக் கரையோரம் எத்தனை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

முகவர் உடனே, "அதற்குக் கொந்தோனோ போட்டிருக்கிறது" என்றார். கொந்தோனோ என்றால் அனுமதியில்லாமல் கட்டியதை அபராதம் கட்டி மன்னிப்பு வாங்குகிற வழி. 1985, 1994, 2003 என்று மூன்று தடவை அரசாங்கம் அந்தக் கதவைத் திறந்தது. சின்யோராவின் கணவரும் 1995-இல் விண்ணப்பம் போட்டு முதல் தவணைப் பணமும் கட்டியிருக்கிறார். சிட்டை இன்றும் பச்சை நிறக் கோப்பில் இருக்கிறது, தூசி தட்டுகிறவள் நான்தானே. பதில் வரவில்லை. வரவும் வராது. சிசிலியில் 1976-இலேயே ஒரு சட்டம் வந்தது: கரையில் இருந்து 150 மீற்றருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்குப் பிறகு அந்தப் பட்டைக்குள் கட்டிய வீட்டுக்கும் அறைக்கும் மன்னிப்புக் கிடையாது. விண்ணப்பம் போட்டிருக்கிறது என்பதும் அனுமதி கிடைத்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. முகவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

தம்பி கெட்டிக்காரர். பேனையை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் தவணை கேட்டார். தன் செலவில் ஒரு ஜெயோமெத்ராவைப் பிடித்தார். நில அளவையும் கட்டட அனுமதியும் பார்க்கிற ஆள். இந்த நாட்டில் வீடு வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது இவரைத்தான். ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். வயதான மனிதர், அதிகம் பேசவில்லை. லேசர்ப் பெட்டியைச் சுவரில் வைத்து அளந்தார், எழுதினார். மேல் அறைக்குப் போய் அளக்காமல் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டில் இருந்து கரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்து, 110 மீற்றர் என்றார். நான் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, "சின்யோரா, வடிவான அறை. இடிக்க வேண்டிய அறை" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் கட்டுரையில் "இத்தாலியில் நொத்தாரிசு எல்லாவற்றையும் சரிபார்ப்பார், பயமில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. நொத்தாரிசு இங்கே பெரிய ஆள், அரசாங்கத்தின் அதிகாரி மாதிரி. வழக்கமாக வாங்குபவர்தான் அவரைத் தெரிவு செய்து காசும் கொடுக்கிறார். வீட்டின் மீது கடன் இருக்கிறதா, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பார். வாங்குபவருக்கு இத்தாலி மொழி தெரியாவிட்டால் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்து, உறுதிப் பத்திரத்தை இரண்டு மொழியில் எழுதி, முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று 1913-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் அவர் டேப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அளக்க மாட்டார். வரைபடமும் வீடும் ஒன்றாக இருக்கிறது என்ற உறுதிமொழி 2010-இல் இருந்து உறுதிப் பத்திரத்தில் வர வேண்டும். அதைக் கொடுப்பவர் விற்பவர். இதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். நிலப்பதிவில் புது வரைபடம் போட்டு அறையைச் சேர்த்துவிடுவார்கள். இப்போது வரைபடமும் வீடும் ஒன்றுதான், பார்க்க எல்லாம் சுத்தம். ஆனால் நிலப்பதிவு வரி அறவிடுவதற்கு. அனுமதி கொடுப்பது நகரசபை. அங்கே போய்க் கோப்பை எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. இடிக்கச் சொல்லும் உத்தரவுக்கு இந்த நாட்டில் காலாவதி கிடையாது, அது கட்டினவரோடு நிற்காமல் வாங்கினவர் பின்னாலும் வரும்.

இதைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டீர்கள் என்கிறேன். கடலோர வில்லா என்றால் விலை ஏறுவது கடல் தெரிகிறதால். கடல் நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் பிந்திக் கட்டிய அறையும், பிந்தி மூடிய விறாந்தையும் இருக்கும். மக்கள் எதற்காகக் காசு கொடுக்கிறார்களோ அதுவே காகிதத்தில் இல்லாமல் போகிறது. நியாயமாகச் சொன்னால், அந்த அறையை இடித்தாலும் மொட்டைமாடியில் நின்று கடலைப் பார்க்கலாம், காற்று விட்டால். படுக்கையில் இருந்து பார்க்கிற கடல்தான் உறுதிப் பத்திரத்தில் இல்லை.

இனி அந்த இரண்டு சட்டப் பிழை. "வீடு வாங்கினால் இத்தாலியில் வதிவிட உரிமை கிடைக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்காது. இத்தாலியின் முதலீட்டாளர் விசாவில் கம்பனிப் பங்கு, அரசாங்கப் பத்திரம், நன்கொடை எல்லாம் உண்டு, வீடு இல்லை. கிரேக்க நாட்டின் கதையை யாரோ இத்தாலிக்கு மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அங்கே வீட்டுக்கு விசா உண்டு, 2013-இல் இரண்டரை லட்சம் யூரோவில் தொடங்கி இப்போது ஏதன்ஸ் போன்ற இடங்களில் 8 லட்சம் ஆகிவிட்டது. போர்த்துக்கல் 2023-இலும் ஸ்பெயின் 2025-இலும் வீட்டுக்கு விசா கொடுப்பதை நிறுத்திவிட்டன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற உங்கள் வாசகர் செஃபலூவில் மாளிகையே வாங்கினாலும், வேறு விசா இல்லாவிட்டால் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். இத்தாலியில் வதியாத, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அவர்களுடைய நாட்டில் ஓர் இத்தாலியர் வீடு வாங்க முடியுமா என்று பார்த்துத்தான் இங்கே அவர்களுக்கு விற்க விடுகிறார்கள். நொத்தாரிசிடம் முதல் நாளே கேட்டால் சொல்வார்.

மற்றது வரி. "வெறும் 2 சதவீதம்" என்று போட்டிருந்தீர்கள். அந்த 2 சதவீதம் முதல் வீட்டுக்கு, வாங்கி 18 மாதத்துக்குள் அந்த ஊரிலேயே பதிவாகிக் குடியிருப்பவருக்கு. எங்கள் துணிக்கொடி வீட்டுக்கு நாங்கள் கட்டியது அது. விடுமுறைக்கு வந்து போகிறவர் 9 சதவீதம் கட்ட வேண்டும். பயப்படவும் வேண்டாம்: தனியாளிடம் இருந்து தனியாள் வாங்கினால், கேட்டுக்கொண்டால், அந்த 9 விற்பனை விலையில் இல்லை, நிலப்பதிவு மதிப்பில்தான். நிலப்பதிவில் வீட்டுக்குக் குறித்திருக்கிற வருமானம் 1,000 யூரோ என்றால் அதை 126-ஆல் பெருக்கி, வருகிற 1,26,000-இல் 9 சதவீதம், அதாவது 11,340 யூரோ. சின்னச் சின்னக் கட்டணமாக இன்னொரு 100. பிறகு வருசா வருசம் ஜூன் 16, டிசெம்பர் 16 என்று இரண்டு தவணையில் வீட்டு வரி. குப்பை வரி வேறு. கோடையில் வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். விடலாம்தான். 2025-இல் இருந்து சுற்றுலா வாடகைக்கு விடுகிற வீடு ஒவ்வொன்றுக்கும் தேசிய அடையாள எண் ஒன்று எடுத்து விளம்பரத்திலும் வாசலிலும் போட வேண்டும். விருந்தாளி போன பிறகு படுக்கை விரிப்பு மாற்ற ஓர் ஆளும் வேண்டும், அதை ஏனோ ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"வீடு கைமாறினால் தன் வேலை போய்விடும் என்று அந்தப் பெண் குழப்பிவிட்டாள்" என்று முகவர் மூத்த மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னாராம். எனக்குச் சேர வேண்டிய வேலைமுடிவுப் பணம் வீடு விற்றாலும் வரும், விற்காவிட்டாலும் வரும். சின்யோரா என்னை ஒரு நாளும் பதிவில்லாமல் வைத்திருந்தவர் இல்லை. மகள் கோபப்படவில்லை. அறையை இடித்துவிட்டு, விலையைக் குறைத்து, சுத்தமான காகிதத்தோடு விற்கலாம் என்கிறார். நடுவிலான் சரி என்கிறான். கடைசித் தம்பி மாட்டேன் என்கிறான். அந்த அறையில்தான் அவன் பரீட்சைக்குப் படித்தானாம். மூன்று பேரும் கையெழுத்து வைக்காமல் கூரை ஓடு ஒன்றைக்கூடக் கழற்ற முடியாது. ஜெர்மனித் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுத்து, "என்ன அன்ரி, இடிச்சாச்சோ?" என்று கேட்கிறார். அவருக்கு இன்னும் அந்த வீட்டில்தான் கண்.

கடைசியாக அந்தச் சின்னப் பிழை. படத்துக்குக் கீழே "தூரத்தில் காப்ரி தீவு" என்று போட்டிருக்கிறீர்கள். காப்ரி நாப்போலிக்குப் பக்கத்தில், அங்கிருந்து தெரியாது. படத்தில் இருப்பவை அலிக்கூடியும் பிலிக்கூடியும். அவையும் எல்லா நாளும் தெரியாது. இரவு முழுக்க நல்ல மழை பெய்து, மறுநாள் காலை வானம் கழுவிவிட்டது போல இருந்தால் அவ்வளவு துலக்கமாகத் தெரியும். உங்கள் படம் அப்படி ஒரு காலையில் எடுத்தது. அந்தச் சிவப்பு வாளி அங்கே இருந்ததும் அதனால்தான். அறையின் வலது மூலையில் கூரை ஒழுகுகிறது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பலெர்மோ